பீசோ வழக்கு: டாசிட்டஸை நம்புவதா, வெண்கலத் தகட்டை நம்புவதா?

செல்வமணி:
கி.பி. 19 அக்டோபரில், ரோமப் பேரரசர் திபேரியஸின் வளர்ப்பு மகனான ஜெர்மானிக்கஸ் சிரியாவின் அந்தியோக்கியா நகரில் இறந்தார். சிரியாவின் ஆளுநராயிருந்த பீசோ நஞ்சிட்டதாகக் குற்றம் எழுந்தது. மறு ஆண்டு ரோமின் ஆட்சி மன்றமான செனட்டில் விசாரணை முடியுமுன்பே அவர் தொண்டை அறுபட்டுக் கிடந்தார். இதை நெடுங்காலம் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் எழுத்தைக் கொண்டே அறிந்து வந்தோம். அவரோ ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து எழுதியவர். பிற்காலப் பேரரசர் டொமிஷியனின் கொடிய ஆட்சியில் அஞ்சி வாழ்ந்த செனட்டர் என்பதால், திபேரியஸை எழுதும்போதும் அந்தக் கசப்பு கசிகிறது. 1980களின் இறுதியில் தென் ஸ்பெயினில் கிடைத்த வெண்கலத் தகடுகளில் இவ்வழக்கு பற்றிய செனட்டின் தீர்மானமே, கி.பி. 20 டிசம்பர் 10 என்ற தேதியுடன் உள்ளது. இரண்டும் முரண்படும் இடங்களில் தகட்டையே ஏற்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

எழிலரசி:
ஐயா, தகடு சமகாலத்தது என்பதால் அது நடுநிலையானது ஆகிவிடாது. ஒவ்வொரு மாகாணத்தின் முதன்மை நகரிலும், ஒவ்வொரு படைப்பிரிவின் குளிர்காலப் பாசறையிலும் இதை வைக்க வேண்டும் என்று அத்தீர்மானமே ஆணையிடுகிறது. பீசோ வீரர்களைப் 'பீசோ பக்கம்', 'சீசர் பக்கம்' என்று பிளந்தார் என்பது அதிலுள்ள குற்றச்சாட்டுகளுள் ஒன்று; ஆகவே இது படைகளை அரச குடும்பத்துக்கு விசுவாசமாக வைத்திருக்க எழுதப்பட்ட அறிக்கை. நஞ்சைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று பாருங்கள்: தம் சாவுக்குப் பீசோவே காரணம் என்று ஜெர்மானிக்கஸ் கூறியதாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. நஞ்சுக் குற்றச்சாட்டு ஒன்றை மட்டும் பீசோ தரப்பு முறியடித்ததாகத் தோன்றியது என்று வெளிப்படையாக எழுதியவர் டாசிட்டஸ்தான்.

செல்வமணி:
அதே டாசிட்டஸ்தான், பீசோவின் கையில் திபேரியஸின் இரகசிய உத்தரவு இருந்ததாக முதியவர்கள் சொல்லக் கேட்டதாக எழுதி, தாம் உறுதி கூறாமலேயே வாசகர் மனத்தில் ஐயத்தை விதைக்கிறார். காலவரிசையும் இடிக்கிறது. திபேரியஸின் மகன் துருசுஸின் வெற்றி ஊர்வலத்தை அவர் வழக்குக்குப் பின் வைக்கிறார். ரோமின் துறைமுகமான ஒஸ்தியா நகரக் கல்வெட்டு அதற்குத் தரும் நாள் மே 28. தீர்மானமோ டிசம்பரில்.

கதிரவன்:
தீர்மானம் நிறைவேறிய நாளும் விசாரணை முடிந்த நாளும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே தேதியை மட்டும் வைத்து அவரைத் தள்ளிவிட முடியாது. அவர் மூலத்தை எப்படிக் கையாண்டார் என்பதைச் சோதிக்க, பிரான்சின் லியோன் நகரில் கிடைத்த வெண்கலத் தகடு உள்ளது. கி.பி. 48இல் பேரரசர் கிளாடியஸ் செனட்டில் ஆற்றிய உரை அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே உரையைத் தம் நூலில் தரும் டாசிட்டஸ் அதன் மைய வாதத்தைக் காத்து, சொற்களை முற்றிலும் தம் நடையில் மாற்றியிருக்கிறார்.

எழிலரசி:
பிளாங்கினா விஷயத்திலும் அதையே காண்கிறோம். பீசோவின் மனைவியான அவரை, திபேரியஸின் தாய் லிவியாவின் வேண்டுகோளுக்காக மன்னித்ததை இரு சான்றுகளும் உறுதிசெய்கின்றன. தகடு லிவியாவைப் புகழ்கிறது. திபேரியஸ் வெட்கத்தோடு பரிந்து பேசினார் என்கிறார் டாசிட்டஸ். அந்த வெட்கம் ஆசிரியரின் ஊகமாக இருக்கலாம், அதை ஏற்கிறேன். ஆனால் லிவியா இறந்தபின், கி.பி. 33இல், பிளாங்கினா மீண்டும் குற்றம் சாட்டப்பட்டுத் தற்கொலை செய்துகொண்டார் என்பதை நமக்குச் சொல்பவர் அவரே. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் பொறிக்கப்பட்ட தகட்டில் அந்த மன்னிப்பு இன்றும் நிலையானதாகவே நிற்கிறது.