கண்டிக்கால விகாரை ஓவியங்களில் அரசனை எதைக் கொண்டு இனங்காண்பது?

கேள்வி: அட்டன் சித்திர ஆசிரியர்
உயர்தர வகுப்புப் பிள்ளைகளை அண்மையில் கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொருவ விகாரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பழைய ஓவியங்களில் அதிகாரமுள்ளவர் பெரிதாகவும் ஏவலர் சிறிதாகவும் இருப்பர் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்ததால், புத்தரின் முற்பிறப்புக் கதைகளுள் ஒன்றான வெசந்தர சாதகம் வரையப்பட்ட சுவரின் முன் நின்ற மாணவி ஒருத்தி, "இங்கே எல்லோரும் ஏறத்தாழ ஒரே உயரந்தானே?" என்று கேட்டபோது எனக்கு உடனே விடை வரவில்லை. சிவப்புப் பின்னணியில் பட்டை பட்டையாக நகரும் அக்கதையில் அரசனையும் ஏவலனையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1: பேராதனைவாசி
உயரத்தை விட்டுவிட்டு உடையைப் பாருங்கள், ஆசிரியரே. 1660 முதல் 1679 வரை கண்டி அரசில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் றொபட் நொக்ஸ், ஒருவர் உடுத்தும் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கலாமா என்பதைக்கூட அவருடைய குலமே தீர்மானித்ததாக எழுதியிருக்கிறார். அந்த வழக்கத்துக்குள் வாழ்ந்த ஓவியர், பழைய இந்தியக் கதையின் மாந்தருக்கும் கண்டி உடையையே உடுத்திவிட்டார். பிரான்சிலும் இதே கதைதான்: 1701இல் ஓவியர் ரிகோ வரைந்த மன்னர் பதினான்காம் லூயியின் காலணியில் உள்ள சிவப்புக் குதிகள் அரசவைப் பிரபுக்களுக்கு மட்டுமே உரியவை.

பதில் 2: மாத்தளையான்
உடை மட்டும் போதாது என்பது என் எண்ணம். தம்புள்ளைக் குகை விகாரையில், கண்டி அரசன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் (ஆட்சி 1747–1782) அமைப்பித்த குகையில் அரசன் முழு உருவச் சிலையாக நிற்க, அவனுடைய பரிவாரத்தினரோ பின்சுவரில் வெறும் ஓவியமாகவே இருக்கின்றனர். தென்னிந்திய நாயக்கர் வழிவந்து பௌத்த நாட்டை ஆண்ட ஒருவன், தன்னைக் கொல்ல 1760இல் சதி நடந்ததையும் கண்டவன், விகாரைக்குள் தன் உருவத்தை நிறுத்தியதைப் பக்தியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

மறுமொழி: அட்டன் சித்திர ஆசிரியர்
இருவருக்கும் நன்றி. உடையைப் பற்றிச் சொன்னவுடனே பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. தோட்டத்துப் பழைய புகைப்படங்களில் வேட்டிக்கு மேல் கோட்டு அணிந்து நிற்பவர் கங்காணி என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த வகுப்பில் தெகல்தொருவப் படங்களின் மேற்பாதியைத் தாளால் மறைத்து, இடுப்புக்குக் கீழே தெரியும் துணியை மட்டும் வைத்து யார் யார் என்று சொல்லச் சொல்லப் போகிறேன்.