இரண்டு கினிப்பன்றிகள் வாங்க இருக்கிறோம்: ஆண்களா, பெண்களா?

கேள்வி (தாம்பரத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6 வயது. வீட்டில் ஒரு செல்லப்பிராணி வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். நாங்கள் வாடகை வீட்டில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். நாய்க்கு வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை. கினிப்பன்றி என்றால் தமக்கு மறுப்பில்லை என்று அவரே சொல்லிவிட்டார். கூடத்தின் மூலையில் 4 அடி நீளம், 2 அடி அகலத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக வாங்கினால்தான் சண்டையில்லாமல் இருக்கும் என்றும், குட்டிகள் பிறந்தால் தாமே வாங்கிக்கொள்வதாகவும் கடைக்காரர் சொல்கிறார். ஆண்கள் கடிக்கும், நாற்றம் தாங்காது, இரண்டு பெண்களையே வாங்கு என்கிறார் என் நாத்தனார். குழந்தைகளிடம் எது எளிதில் பழகும், எதற்கு நோய் குறைவு, வாசனை விஷயத்தில் உண்மையிலேயே வேறுபாடு உண்டா என்பதை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (சேலம், 11 ஆண்டுகளாக வளர்ப்பவர்)

சகோதரி, முதலில் கடைக்காரரின் யோசனையை ஒதுக்கிவிடுங்கள். கினிப்பன்றியின் சினைக்காலம் ஏறக்குறைய 59 முதல் 72 நாட்கள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகள் பிறக்கும். ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மறுபடியும் சினைப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடுவதால், ஆண் அதே கூண்டில் இருந்தால் அவளுக்கு ஓய்வு என்பதே கிடையாது. குட்டிகளும் விரைவில் வளர்ந்துவிடுகின்றன: ஆண் குட்டி மூன்று வாரத்திலும், பெண் குட்டி நான்கு வாரத்திலுமே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடக்கூடும். கடைக்காரர் முதல் ஈற்றை வாங்கிக்கொள்வார். மூன்றாவது ஈற்றின்போது தொலைபேசியை எடுப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

ஆகவே ஒரே பாலினமாக இரண்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் வாங்க வேண்டாம். ஆண்டிஸ் மலைப்பகுதியில் கூட்டமாக வாழ்ந்த இனத்தின் வழிவந்தவை இவை, தனியாக விட்டால் வாடிப்போகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் இதுவரை ஏழு ஆண்களும் ஐந்து பெண்களும் வளர்த்திருக்கிறேன். என் அனுபவத்தில், ஆட்களிடம் துணிந்து வருவதில் ஆண்கள் ஒரு படி முன்னே இருந்தன. குளிர்பதனப் பெட்டியின் கதவு திறக்கும் ஓசை கேட்டதும் முன்னங்கால்களைக் கம்பியில் ஊன்றி எழுந்து கூவியவை பெரும்பாலும் ஆண்களே. பெண்கள் சற்று ஒதுங்கி நின்று, ஆளை அளந்து பார்த்த பிறகுதான் கையில் உள்ள கொத்தமல்லியை வாங்கின. ஆயினும் இதை விதியாகக் கொள்ளாதீர்கள். என்னிடம் இருந்தவற்றிலேயே மிகவும் அன்பாக மடியில் படுத்துறங்கியது ஒரு பெண். குட்டியாக இருக்கும்போது எத்தனை முறை கையில் எடுத்துப் பழக்கினோம் என்பதே பாலினத்தைவிட அதிகமாகத் தீர்மானிக்கிறது.

கடிப்பதைப் பற்றி உங்கள் நாத்தனார் சொன்னது ஆண்கள் ஒன்றையொன்று கடிப்பதாக இருந்தால் அதில் ஓரளவு உண்மை உண்டு. மூன்று மாத வயதிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு தாண்டும் வரை ஆண்களுக்கு விடலைப் பருவம். அப்போது யார் பெரியவன் என்ற போட்டி எழும். இடுப்பை அசைத்து அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு ஒன்று மற்றொன்றைச் சுற்றி நடக்கும், மேலே ஏறும். இது இயல்பானது. தாராளமான இடம் இருந்தால் இரண்டு ஆண்கள் ஆயுள் முழுவதும் நண்பர்களாக இருப்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். உங்கள் 4 அடி இரண்டு பெண்களுக்குப் போதும். ஆண்கள் என்றால் எப்படியாவது 5 அடியாக நீட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் புட்டி, தீவனக் கிண்ணம், ஒளிந்துகொள்ளும் பெட்டி எல்லாமே இரண்டிரண்டாக இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றை உள்ளே மடக்கிவிடாதபடி ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாசல்கள் வையுங்கள். மூன்று ஆண்கள் மட்டும் கூடவே கூடாது; இரண்டு சேர்ந்து ஒன்றை ஒதுக்கிவிடும்.

மறுமொழி 2 (நாமக்கல், கால்நடை மருத்துவர்)

நோய்கள் குறித்த கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எந்தப் பாலினமும் நோயற்றதன்று. வரக்கூடிய நோய்கள்தாம் வேறுபடுகின்றன.

பெண்களிடம் நாங்கள் அதிகமாகக் காண்பது சினைப்பை நீர்க்கட்டி. ஒன்றரை வயதைத் தாண்டிய பெண்களில் இது மிகப் பரவலானது. விலாவின் இரு பக்கமும் ஒரே அளவில் முடி உதிர்வதும், முலைக்காம்புகள் தடித்துப்போவதும், சாதுவாக இருந்தது திடீரென்று எரிச்சலோடு நடந்துகொள்வதும் இதன் அடையாளங்கள். சிறிய கட்டிகள் தொல்லை தராமலே இருந்துவிடலாம்; பெரிதானால் ஹார்மோன் ஊசி அல்லது அறுவை சிகிச்சை தேவைப்படும். இவ்வளவு சிறிய உயிருக்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறக்கும் பயிற்சி எல்லா மருத்துவரிடமும் இருக்காது. நீங்கள் தாம்பரத்தில் இருப்பதால், வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆண்களிடம் வருவது வேறு. மூன்று வயதுக்கு மேல் சில ஆண்களுக்கு மலவாயைச் சுற்றியுள்ள பையின் தசை தளர்ந்து, தாமே மீண்டும் உண்ண வேண்டிய மென்மையான எச்சம் உள்ளேயே திரண்டுவிடுகிறது. அதை நாள்தோறும் கையால் மெதுவாக அகற்றிவிட வேண்டியிருக்கும். வலியில்லாத வேலைதான் என்றாலும் ஆயுளுக்கும் தொடரும். சிறுநீர்ப்பைக் கல் இருபாலுக்கும் வரும். ஆணுக்குச் சிறுநீர்க்குழாய் நீளமாகவும் குறுகலாகவும் இருப்பதால் கல் வழியிலேயே சிக்கும் ஆபத்து அதிகம். இதைத் தவிர்க்க, வளர்ந்த விலங்குகளுக்குக் குதிரைமசால் என்னும் தீவனப் பயிரைக் கொடுக்காதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வளரும் குட்டிகளுக்கும் சினையானவற்றுக்கும் மட்டுமே அது ஏற்றது. மற்றபடி அருகம்புல்லும் உலர்புல்லும் போதுமான அளவு இருக்க வேண்டும்.

நாற்றம் பற்றி ஒரு சொல். ஆணின் வால் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. பெண்ணுக்கும் இது இருக்கிறது, ஆணுக்குத்தான் அதிகமாகச் சுரக்கும். அங்கே பிசுபிசுப்புத் திரண்டால் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, வெதுவெதுப்பான நீரில் துடைத்தெடுத்தால் போதும். வீட்டில் நாற்றம் அடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் மாற்றப்படாத விரிப்பில் ஊறிய சிறுநீர்தான். அதில் ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லை.

மறுமொழி 3 (மதுரை)

மேலே எழுதியவர்கள் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். நாங்கள் ஒரு கடையில் இரண்டும் பெண் என்று உறுதிகூறக் கேட்டு வாங்கிவந்தோம். உண்மையிலேயே இரண்டும் பெண்கள்தாம். ஆனால் வாங்கி வந்த ஏழாவது வாரத்தில் ஒரு நாள் காலை கூண்டுக்குள் மூன்று குட்டிகள் கண்விழித்து ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கடையில் ஆண், பெண் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வரும்போதே அவள் சினையாக இருந்திருக்கிறாள். குட்டிகள் முடியோடும் பல்லோடும் பிறந்து, பிறந்த மறுநாளே புல்லைக் கொறித்ததை என் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு பார்த்தார்கள். ஆனால் இரண்டாவது வாரத்தில் தாய் இறந்துவிட்டாள். தன் உடல் முழு வளர்ச்சி அடையும் முன்பே அவள் மூன்று குட்டிகளைச் சுமந்திருக்கிறாள் என்பது எங்களுக்கு அப்போது தெரியவில்லை. என் மகள் பல நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகவே கலந்து வைத்திருக்கும் கடையிலிருந்து பெண் குட்டி வாங்குகிறீர்கள் என்றால், அடுத்த 72 நாட்களுக்குள் குட்டிகள் பிறக்கலாம் என்பதற்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். இரண்டில் ஒன்று மட்டும் வேகமாக எடை கூடினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இப்போது எங்களிடம் இருப்பவை அந்த ஈற்றில் பிறந்த இரண்டு ஆண்கள். மூன்றாவது வாரத்திலேயே அவற்றைப் பெண்களிடமிருந்து பிரித்துவிட்டோம்.

மறுமொழி 4 (சுவிட்சர்லாந்து, பேர்ன்)

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 20 வருடங்களுக்கும் மேலாக இங்கே வசித்து வருகிறேன். இந்த நாட்டில் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பதே சட்டத்துக்கு மாறானது. குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இணைகளில் ஒன்று இறந்துவிட்டால் எஞ்சியதற்குத் துணையாக இன்னொன்றை இரவலாகத் தருபவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் காயடிக்கப்பட்ட ஓர் ஆணும் இரண்டு பெண்களும் ஒன்றாக இருக்கின்றன. என் பார்வையில் இதைவிட அமைதியான கூட்டம் கிடையாது. பெண்கள் தங்களுக்குள் பிணங்கினால் அவன் இடையில் போய் நின்றுவிடுவான். ஆனால் காயடித்த அன்றே அவனைப் பெண்களோடு விடக்கூடாது. உடலில் எஞ்சியிருக்கும் விந்தணுக்களால் ஆறு வாரம் வரைக்கும் சினைப்பிடிக்க வைக்க முடியும். அந்த ஆறு வாரத்தையும் நாங்கள் நாட்காட்டியில் குறித்து வைத்துக் காத்திருந்தோம்.

உங்கள் ஊரில் இந்தச் சிகிச்சையைச் செய்துதர ஆள் கிடைத்தால் இதையும் யோசித்துப் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு ஆண் குட்டிகள் என்ற வழியே நல்லது என்று நானும் நினைக்கிறேன். பின்னாளில் ஒன்று இறந்துபோனாலும், மூத்த ஆண் பெரும்பாலும் ஒரு சின்ன ஆண் குட்டியைத் தன் அருகில் சேர்த்துக்கொள்ளும். வளர்ந்த இரண்டு ஆண்களைப் புதிதாகச் சேர்ப்பதுதான் கடினம்.

கேள்வி கேட்டவர்

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மதுரையிலிருந்து எழுதியவரின் அனுபவத்தைப் படித்தபோது என் மகளின் முகம்தான் கண்முன் வந்தது. நேற்று அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கும் எல்லாம் ஒரே தொட்டியில்தான் இருக்கின்றன. ஆகவே ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ஆண் குட்டிகளை, தாயிடமிருந்து நேரே, வீட்டில் வளர்ப்பவர் யாரிடமாவது வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். கூண்டை 5 அடியாக நீட்ட என் கணவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

இன்னும் இரண்டு ஐயங்கள். குட்டி ஆண்தான் என்பதை நானே பார்த்து உறுதிசெய்துகொள்ள வழி உண்டா? விடலைப் பருவத்தில் வருவது விளையாட்டா, உண்மையான சண்டையா என்பதை எப்படி அறிவது?

மறுமொழி 2 (நாமக்கல், கால்நடை மருத்துவர்)

முலைக்காம்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரு பாலுக்கும் இரண்டிரண்டு உண்டு. குட்டியின் பின்பகுதியை உள்ளங்கையில் தாங்கி, வயிறு தெரியும்படி பிடித்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு ஆங்கில ஒய் எழுத்தைப் போலப் பிளவு தெரியும். ஆணுக்கு மேலே ஒரு சிறு புள்ளியும் அதன் கீழே ஒரு கோடும் தெரியும். அந்தப் புள்ளிக்குச் சற்று மேலே விரல் நுனியால் மெதுவாக அழுத்தினால் குறி வெளிப்படும். மூன்று வாரக் குட்டியில் அனுபவமுள்ளவர்களே தவறுவது உண்டு என்பதால், வாங்கிய ஒரு வாரத்துக்குள் மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவை உண்மையிலேயே அண்ணன் தம்பியா, அண்ணன் தங்கையா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மறுமொழி 1 (சேலம்)

இரண்டாவது ஐயத்துக்கு நான் சொல்கிறேன். உறுமுவது, துரத்துவது, மேலே ஏறுவது, மூக்கை உயர்த்தி ஒன்றையொன்று அளப்பது எல்லாம் விடலைத்தனம், தலையிடாதீர்கள். பற்களை வேகமாக நறநறவென்று அடித்துக்கொண்டு, கழுத்து மயிர் சிலிர்க்க, வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுவதுபோல் பல்லைக் காட்டினால் அது எச்சரிக்கை. இரண்டும் ஒன்றையொன்று கவ்வி உருண்டுவிட்டாலோ இரத்தம் கண்டாலோ அதுதான் சண்டை. அந்த நேரத்தில் வெறுங்கையை மட்டும் உள்ளே விடாதீர்கள், தடித்த துண்டு ஒன்றை நடுவே போட்டுப் பிரித்துவிடுங்கள். பிள்ளைகளிடமும் இதை முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். பிரித்த பின் வேறு அறைக்குக் கொண்டுபோகாமல், அதே கூண்டின் நடுவில் கம்பி வலையைச் செருகி இருபுறமும் விடுங்கள். ஒன்றின் வாசனை மற்றொன்றுக்கு எட்டிக்கொண்டே இருந்தால் திரும்பச் சேர்ப்பது எளிது. என் வீட்டில் அப்படிப் பிரித்த இரண்டும் ஐந்தாம் நாளே வலையின் இரு பக்கமும் ஒட்டிப் படுத்திருந்தன.