ஆர்னெம் பாலத்தில் குடை பிடித்த மேஜர்: போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

போன செப்டம்பரில் வேலை விஷயமாக நெதர்லாந்து போயிருந்தேன். ஒரு நாள் மிச்சம் கிடைத்தது, ஆர்னெமுக்கு ரயிலேறிவிட்டேன். நிலையத்திலிருந்து நடந்தே ஆற்றங்கரைக்கு வந்தேன். இரண்டாம் உலகப் போரில், 1944 செப்டம்பரில், பிரிட்டிஷ் பாராசூட் படை ஜெர்மானியர்களிடமிருந்து பிடிக்கப் பார்த்த ரைன் ஆற்றுப் பாலம் இங்கேதான் இருந்தது. இப்போது இருப்பது அந்தச் சண்டை நடந்த அதே பாலம் இல்லை. அதை அந்த வருடம் அக்டோபரில் நேச நாட்டு விமானங்களே குண்டு போட்டு உடைத்துவிட்டன. போருக்குப் பிறகு அதே இடத்தில் கட்டிய பாலத்துக்கு, வடக்கு முனையைப் பிடித்து வைத்திருந்த கர்னல் ஜான் ஃப்ராஸ்ட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

தூறல் விழுந்தது. குடையை விரித்தேன். உடனே மேஜர் டிக்பி டேதம்-வார்ட்டர் நினைவு வந்துவிட்டது.

ஃப்ராஸ்ட்டின் பாராசூட் பட்டாலியனில் ஏ கம்பெனி என்ற பிரிவுக்கு அவர்தான் தலைவர். அப்போது வயது 27. செப்டம்பர் 17 அன்று குதித்து, தெருவில் போனால் சுடுவார்கள் என்று வீடுகளின் கொல்லைப்புறத் தோட்டங்கள் வழியாக ஆட்களை நடத்திக்கொண்டு வந்து, ராத்திரி பாலத்தைத் தொட்டுவிட்டார். வயர்லெஸ்ஸை அவர் நம்பவில்லை. நெப்போலியன் காலத்துப் படைகள் மாதிரி ஊதுகொம்பு ஒலியில் கட்டளை புரிந்துகொள்ள ஆட்களை முன்பே பழக்கியிருந்தார். ஆர்னெமில் வயர்லெஸ் கைவிட்டபோது அந்தக் கொம்புதான் கைகொடுத்தது.

குடை எதற்கு? அடையாளச் சொல் அவருக்கு நினைவில் நிற்காதாம். சண்டைக்குக் குடையோடு வருகிற முட்டாள் ஆங்கிலேயனாகத்தான் இருப்பான் என்று யாருக்கும் புரியும், நம்மவர்களே சுட்டுவிட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் குடையைக் கவச வண்டியின் பார்வைத் துளைக்குள் குத்தி ஓட்டுநரைச் செயலிழக்க வைத்தார் என்றும் சொல்வார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது பாதிரியார் ஈகன் கதை. காயம்பட்டவர்களைப் பார்க்கத் தெருவைத் தாண்ட வேண்டும், மோர்ட்டார் குண்டு விழுந்துகொண்டே இருக்கிறது, அவரால் நகர முடியவில்லை. டிக்பி வந்து, குண்டுக்கெல்லாம் கவலைப்படாதீர்கள், என்னிடம் குடை இருக்கிறது என்று அவர் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக் கூட்டிப் போனார். திரும்பும்போது இன்னொரு அதிகாரி, அதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்க, மழை வந்தால் என்ன செய்வது என்றாராம்.

இவரைப் பைத்தியம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பத்தாயிரம் பேர் கொண்ட டிவிஷன் 48 மணி நேரம் பிடித்து வைக்க வேண்டிய பாலத்தை சுமார் 740 பேர் மூன்று பகல், நான்கு இரவு பிடித்து வைத்திருந்தார்கள். பயம் தொற்றிக்கொள்ளும் இடம் அது. தலைவன் குடையோடு நிதானமாக நடப்பதைப் பார்க்கிறவனுக்கு மூச்சு கொஞ்சம் சீராகும். அவர் தெரிந்தேதான் செய்தார் என்று நினைக்கிறேன்.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் ஆர்னெம் பக்கத்து ஏடே ஊரில் இரண்டு வருடம் இருந்தேன். இந்தச் சண்டையைப் பற்றி 1977-ல் வந்த ‘எ பிரிட்ஜ் டூ ஃபார்’ சினிமாவைப் பார்த்தவர்கள் குடைக்காரர் பாலத்திலேயே இறந்துவிட்டதாக நினைப்பார்கள். இல்லை, அவருடைய பெரிய வேலையே அதற்கப்புறம்தான்.

கடைசியில் பாலம் ஜெர்மானியர் கைக்குப் போனபோது காயத்தோடு பிடிபட்டு எலிசபெத் மருத்துவமனையில் இருந்தவர், கேப்டன் டோனி ஃபிராங்கோடு ஜன்னல் வழியாக இறங்கித் தப்பினார். டச்சுக் குடும்பங்கள் ஒளித்து வைத்தன. மாட்டியிருந்தால் அந்த வீட்டுக்காரர்களைச் சுட்டுவிடுவார்கள், அதைத் தெரிந்துகொண்டேதான் கதவைத் திறந்தார்கள். வாயைத் திறந்தால் ஆங்கிலேயன் என்று தெரிந்துவிடும். அதனால் தி ஹேக் வக்கீல் ஒருவரின் காது கேளாத, வாய் பேசாத மகன் என்று போலி அடையாள அட்டை. அதை வைத்துக்கொண்டு ஜெர்மானியர்கள் நடுவிலேயே சைக்கிளில் சுற்றினார், ஒளிந்திருந்தவர்களை ஒன்றுசேர்த்தார். பள்ளத்தில் சிக்கிய ஜெர்மன் அதிகாரிகளின் காரைத் தள்ளிக்கூட விட்டிருக்கிறார்.

அக்டோபர் 22 இரவு சுமார் 138 பேர் ரென்கும் பக்கம் ஆற்றைக் கடந்தார்கள். நேச நாட்டுப் படைகள் இருந்த அக்கரையிலிருந்து ஒளிரும் குண்டுகளைச் சுட்டு வழி காட்ட, படகுகள் வந்து ஏற்றிக்கொண்டன. அந்தக் கரைக்கு ஓர் அக்டோபர் சாயங்காலம் நானும் சைக்கிளில் போனேன். ஆறரை மணிக்கே இருட்டு. காலடியில் சேறு, அதில் ஷூ புதைந்து எடுக்கும்போது வருகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அத்தனை பேர் அந்த இருட்டில் வரிசையாக எப்படித்தான் சத்தமில்லாமல் நடந்தார்களோ.

*

சின்னதாக ஒன்று. ஆர்னெம் பக்கத்திலேயே இருக்கிற ஓஸ்டர்பேக் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் போய் வாருங்கள், 1,700-க்கு மேல் கல்லறைகள். 1945-லிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் ஊர்ப் பிள்ளைகள் பூ வைக்கிறார்கள். எனக்கு முன்னால் எட்டு வயது இருக்கும் ஒரு பெண், பூங்கொத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். சைகை கிடைத்ததும் குனிந்து வைத்தாள். அந்தக் கல்லில் பெயர் இல்லை.