கரண்ட் போனால் மட்டும் ஒழுங்காக வேலை செய்யும் லெப்டொப்

அச்செழுத்து எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கம் எங்கள் வீட்டு முன்னறையில் டைப்பிங், போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கலியாணக் கார்ட், அந்தியேட்டி அழைப்பு, பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கிற கடிதம், ரியூசன் வினாத்தாள் என்று எது வந்தாலும் அடிப்பேன். தை மாதம் பழைய லெப்டொப் ஒன்று வாங்கினேன். 14 இஞ்சி, உடம்பு முழுக்க அலுமினியம், ஐ5 6300யு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. எங்கோ ஓர் அலுவலகத்தில் பாவித்துக் கழித்தது.

ஆனி மாதத்தில் இருந்து இதற்குப் பேய் பிடித்திருக்கிறது. அடித்துக்கொண்டிருக்கும்போதே அம்பு தானாக ஓடுகிறது, ஓடிப்போய் எங்காவது கிளிக்கும் பண்ணுகிறது. போன கிழமை ஒரு கார்ட்டில் மாப்பிள்ளையின் பெயர் பாதியும் மண்டபத்தின் பெயர் பாதியும் சேர்ந்து ஒரு புது மனிதர் பிறந்துவிட்டார். நான் பாமினி எழுத்துருவில் திரையைப் பார்க்காமலே வேகமாக அடிப்பவள், கவனிக்கவில்லை. நல்ல காலம், அச்சுக்குப் போகமுதல் பெண்ணின் தாய் கண்டுபிடித்தார்.

ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு ஒரு பிழையும் இல்லை என்று திருப்பித் தந்தார்கள். இன்னொரு கடையில் டச்பேட் மாற்ற வேண்டும், போர்டும் போயிருக்கலாம் என்றார்கள். சொன்ன விலைக்கு இன்னொரு லெப்டொப்பில் பாதி வாங்கலாம். மவுஸ் வாங்கிப் பூட்டினேன், அப்போதும் ஓடியது. டச்பேட்டை செட்டிங்கில் நிறுத்தினால் நிற்கிறது. ஆகவே பழுது டச்பேட்டில்தான் என்று நானும் முடிவுக்கு வந்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. கரண்ட் போனால் இது தங்கமாக வேலை செய்கிறது. ஓர்ஸ் ஹில்லில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனால் கரண்டில் போட்டாலும் தங்கம். எங்கள் வீட்டில் மட்டும்தான் ஆட்டம். என் அம்மா வாசலில் எலுமிச்சம்பழம் கட்டச் சொல்கிறார். அதற்கு முதல் உங்களிடம் கேட்கலாம் என்று வந்தேன்.

இன்னொரு கேள்வியும் உண்டு. காலையில் இதைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் வைத்துக் குடித்து முடிந்தாலும் திறந்து முடியாது. ரேம் போடுவதா, எஸ்எஸ்டி (சுற்றாத, வேகமான டிஸ்க்) போடுவதா? இரண்டுக்கும் சேர்த்து இப்போது காசில்லை.

பாலையூற்றுத் தம்பி எழுதியது:

அக்கா, வேறு எதையும் பார்க்கமுதல் பற்றரியைப் பாருங்கள். லெப்டொப்பை மூடித் தட்டையான மேசையில் வையுங்கள். ஆடினால், அல்லது டச்பேட் மேலே எழும்பிக் கிளிக் இறுகியிருந்தால், உள்ளே பற்றரி ஊதியிருக்கிறது என்று அர்த்தம். இந்த மாதிரி லெப்டொப் பலதில் டச்பேட் பக்கம் கீழேதான் பற்றரி இருக்கும், ஊதினால் அதைத்தான் தள்ளும். அப்படி இருந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டாம், குத்திப் பார்க்கவும் வேண்டாம், உடனே கழற்றுவியுங்கள்.

ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது இல்லைப் போலத் தெரிகிறது. பற்றரி ஊதியிருந்தால் கரண்ட் இல்லாத நேரமும் ஆட வேண்டுமே? எனக்கு சார்ஜரில்தான் சந்தேகம். லெப்டொப்போடு வந்ததா, பிறகு வாங்கியதா?

பழைய இரும்பு எழுதியது:

தங்கச்சி, காசைக் கையில் வைத்திருங்கள். டச்பேட்டும் நல்லது, போர்டும் நல்லது. உங்கள் வீட்டில் எர்த் இல்லை.

நான் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் கரண்ட் வேலையும் கொம்பியூட்டர் வேலையும் பார்த்தவன். இந்தப் பேயை நிறையப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரர் வந்து, "அறையில் கரண்ட் அடிக்குது" என்று லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்.

சார்ஜர் கட்டைக்குள் நடப்பது இதுதான். சுவரில் இருந்து வரும் 230 வோல்ட்டை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் அது 19 வோல்ட் பக்கம் இறக்குகிறது. வெட்டும்போது எழும் இரைச்சலை அடக்குவதற்காகச் சுவர்ப் பக்கத்தையும் லெப்டொப் பக்கத்தையும் ஒரு சின்னக் கப்பாசிட்டர் இணைத்திருக்கும். அதன் வழியாக ஒரு துளி கரண்ட் எப்போதும் கசியும். எர்த் இருந்தால் அது பேசாமல் மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் போக இடமில்லாமல் லெப்டொப்பின் உடம்பிலேயே நிற்கும். அப்போது அந்த அலுமினியம் கிட்டத்தட்ட பாதி வோல்ட்டேஜில், 100 வோல்ட்டுக்கு மேலே மிதக்கும். பயப்பட வேண்டாம், கரண்ட் ஒரு மில்லி அம்பியரிலும் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் டெஸ்டரை வைத்தால் பல்ப் மினுங்கும்.

டச்பேட் உங்கள் விரலை அழுத்தத்தால் அறிவதில்லை. விரல் கிட்ட வரும்போது மின்னேற்றத்தில் வரும் மிகச் சின்ன மாற்றத்தை அளக்கிறது. அளக்கிற பெட்டியே வினாடிக்கு 50 தடவை மேலும் கீழும் ஆடினால் அது எதைச் சரியாக அளக்கும்? வள்ளத்தில் இருந்து கரையைப் பார்த்தால் கரைதான் ஆடுகிற மாதிரி இருக்கும் இல்லையா, அது மாதிரித்தான். நீங்கள் அசையாமல் இருக்கிறீர்கள், அது நீங்கள் ஓடுவதாக நினைக்கிறது. கடைக்காரருக்கு ஏன் பிழை தெரியவில்லை என்பதும் இதுதான். அவர்களுடைய கடையில் எர்த் இருக்கிறது, அக்கா வீட்டிலும் இருக்கிறது.

இரண்டு சோதனை செய்து பாருங்கள். சார்ஜரைப் பூட்டி, செருப்பில்லாமல் சீமெந்துத் தரையில் நின்று, விரலின் பின்பக்கத்தால் மூடியை மெதுவாகத் தடவுங்கள். வழுவழுப்பாக இல்லாமல் மணல் தாள் மாதிரிச் சுரசுரக்கும். பிறகு இடது உள்ளங்கையை அந்த உலோகத்தில் நன்றாக வைத்துக்கொண்டு வலது கையால் டச்பேட்டைப் பாவியுங்கள். ஆட்டம் அடங்கும்.

எந்த மாதிரிப் பிளக்கில் போடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அச்செழுத்து எழுதியது:

ஐயா, சுரசுரக்கிறது! இதை நான் இரண்டு மாதமாக நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து வல்லாரை தின்றுகொண்டிருக்கிறேன். கையை வைத்தால் ஆட்டமும் நிற்கிறது.

பிளக் விஷயம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சார்ஜர் வயரில் சதுர முள் மூன்று. எங்கள் வீடு பழசு, உருண்டைத் துளைப் பொயின்ட். ஆகவே மூன்று உருண்டை முள் உள்ள மலிவுக் கொன்வேட்டர் ஒன்றில் செருகித்தான் இவ்வளவு நாளும் பாவித்தேன். புதிதாகப் போட்ட ஒரேயொரு சதுரப் பொயின்ட்டில் போன் சார்ஜர். அதை எர்த் துளைக்குள் பேனை மூடியைக் குத்தித்தான் செருகுவோம்.

(தம்பி, பற்றரி ஊதவில்லை. மேசையில் ஆடாமல் இருக்கிறது.)

நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு, போன் சார்ஜரைக் கழற்றி, லெப்டொப்பின் மூன்று முள்ளையும் நேரே அந்தச் சதுரப் பொயின்ட்டில் போட்டேன். ஆனால் ஒரு மாற்றமும் இல்லை. அதே சுரசுரப்பு, அதே ஆட்டம்.

கிண்ணியாக் கரை எழுதியது:

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு அக்கா? லெப்டொப்பின் அடியில் ஒரு ஸ்குரூவைக் கழற்றி, அதில் ஒரு வயரைச் சுற்றி யன்னல் கம்பியில் கட்டிவிடுங்கள். நான் சவுண்ட் செட்டுக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன். இரைச்சல் நின்றுவிட்டது.

பழைய இரும்பு எழுதியது:

தம்பி, அந்த வயரை இன்றைக்கே கழற்றுங்கள். யன்னல் கம்பி சீமெந்துக்குள் நிற்கிறது, மண்ணுக்குள் இல்லை. நாளைக்கு அந்த செட்டில் லைன் உடம்பில் பட்டால் யன்னல் முழுக்கக் கரண்ட். வெளியில் நின்று யன்னலைப் பிடித்துக் கூப்பிடுகிற பிள்ளைக்கு அது தெரியாது. முந்தி இரும்புக் குழாயிலாவது கட்டினார்கள், இப்போது குழாய் எல்லாம் பிவிசி.

தங்கச்சி, மூன்று முள்ளில் போட்டும் மாறவில்லை என்றால் பொயின்ட்டுக்குப் பின்னால் எர்த் வயர் இல்லை, அல்லது வயர் இருந்து மண்ணில் இருக்கும் குச்சியோடு தொடுப்பு விட்டுப்போயிருக்கிறது. நம்முடைய நாட்டில் வீட்டு எர்த் போஸ்ட்டில் இருந்து வருவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக ஒரு செம்புக் குச்சி மண்ணில் அடித்திருக்க வேண்டும். மீட்டர் பக்கச் சுவரோரமாகத் தேடுங்கள். கடல் பக்க வீடு, உப்புக் காற்று. கிளாம்ப் பச்சை பிடித்து உதிர்ந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனியில் தொடங்கியது என்று எழுதியிருந்தீர்கள். கச்சான் காற்றுக்கு மணல் காய்ந்து பொடியாகிற காலம் அது. ஈரமில்லாத மணலில் நல்ல குச்சிகூடச் சரியாகப் பிடிக்காது, அரைகுறைத் தொடுப்பு பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பலர் பிழை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை அமத்தினால் விழுகிறது, ஆகவே எர்த் நல்லது என்று நினைப்பார்கள். அந்தப் பொத்தானுக்கும் எர்த்துக்கும் சம்பந்தமே இல்லை. அது லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் உள்ளேயே ஒரு கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. குச்சியை முழுக்கப் பிடுங்கி எறிந்தாலும் அது விழும்.

லெப்டொப்பை விடுங்கள், பிரிட்ஜையும் தண்ணீர் மோட்டாரையும் நினைத்துப் பாருங்கள். எர்த் இருந்தால் அவற்றின் உடம்பில் கரண்ட் பட்டவுடனேயே சுவிச் விழும். இல்லாவிட்டால் யாராவது தொடும்வரைக்கும் அது காத்துக்கொண்டிருக்கும். கரண்ட் வேலை தெரிந்த ஒருவரை நாளைக்கே கூப்பிடுங்கள். நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

அச்செழுத்து எழுதியது:

மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கரண்ட் வேலை செய்கிற தம்பிக்கு இன்று காலைதான் நேரம் கிடைத்தது.

குச்சியைக் கண்டுபிடிக்கவே அரை மணித்தியாலம். மீட்டருக்கு நேர் கீழே, நான் குரோட்டன் சாடிகள் அடுக்கி வைத்திருந்த இடத்துக்குப் பின்னால் இருந்தது. ஐயா சொன்ன மாதிரியே பச்சை. கிளாம்பைத் தொட்டதும் கையோடு வந்தது. வயர் அதில் இருந்து எப்போதோ அறுந்து, சும்மா பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. சாடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் நனைந்து ஏதோ கொஞ்சம் தொட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனியில் கிணற்றில் தண்ணீர் இறங்கியதென்று நான் பூச்செடிக்கு ஊற்றுவதை நிறுத்தினேன். அதை நினைக்கச் சிரிப்பு வருகிறது.

தம்பி மல்டிமீட்டரை லைனுக்கும் எர்த்துக்கும் இடையில் வைத்தபோது 90க்கும் 100க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. புதுக் குச்சி ஒன்றை ஈரம் நிற்கிற கிணற்றடிப் பக்கம் இறக்கி, பித்தளைக் கிளாம்ப் போட்டு, மேலே கிறீஸ் பூசி, வயரையும் மாற்றிய பிறகு 231இல் அசையாமல் நின்றது. பழைய உருண்டைப் பொயின்ட் இரண்டையும் கழற்றிச் சதுரம் போட்டார். எல்லாம் சேர்த்து அந்த டச்பேட் விலையில் அரைவாசியும் வரவில்லை.

இப்போது சுரசுரப்பு இல்லை. இன்று பின்னேரம் மூன்று கார்ட் அடித்தேன், அம்பு வைத்த இடத்தில் இருக்கிறது. எலுமிச்சம்பழம் ஊறுகாய் ஆகிவிட்டது. மிச்சக் காசுக்கு என்ன போடலாம் என்று இனிச் சொல்லுங்கள்.

பாலையூற்றுத் தம்பி எழுதியது:

சந்தோஷம் அக்கா. ஒன்றுக்குத்தான் காசென்றால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்எஸ்டி. 4 ஜிபி ரேம் போதாதுதான். ஆனால் ரேம் நிரம்பினால் விண்டோஸ் டிஸ்க்கைத்தான் இரவல் ரேமாகப் பாவிக்கும். அந்த டிஸ்க் சுற்றுகிற டிஸ்க்காக இருப்பதால்தான் உங்களுக்கு ஒரு தேத்தண்ணீர் நேரம் போகிறது. 2.5 இஞ்சி சாட்டா எஸ்எஸ்டி, 7 மில்லிமீற்றர் தடிப்பு, பழைய டிஸ்க் இருக்கும் இடத்திலேயே இருக்கும். 256 ஜிபி உங்களுக்குத் தாராளம். உள்ளே எம்.2 துளை (சின்ன அட்டை மாதிரி எஸ்எஸ்டி பூட்டும் இடம்) இருந்தாலும் அது சாட்டா வகையா என்விஎம்இ வகையா என்று தெரியாமல் வாங்க வேண்டாம், வெட்டு ஒன்றுபோல இருந்தாலும் சிலதில் ஏற்காது.

பிறகு காசு வந்தால் ரேம். டாஸ்க் மனேஜரில் மெமரி என்ற இடத்தில் எத்தனை துளை, எத்தனை பாவனையில் என்று காட்டும். உங்களுடையது இன்டெல் 6ஆம் தலைமுறை, அதில் டிடிஆர்3எல் வகை ரேம் போட்டதும் வந்தது, டிடிஆர்4 போட்டதும் வந்தது. முன்னதற்கு 204 முள், மற்றதற்கு 260, மாறிப் பூட்ட முடியாது. பழைய துண்டைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதுதான் நல்லது. இங்கே இல்லாவிட்டால் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது அதன் படத்தை அனுப்பி, பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசாவில் பார்க்கச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெலில் 8ஆம் தலைமுறையில் இருந்துதான் முறைப்படி ஏறும், உங்களுடையதில் ஏறாது. ஊரில் உள்ள எல்லாருடைய பென்டிரைவும் உங்கள் லெப்டொப்பில்தானே ஏறுகிறது. ஆகவே அதில் வங்கி வேலை செய்ய வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு, கார்ட் டிசைன்களையும் பாமினி எழுத்துருக்களையும் கிழமைக்கு ஒரு தடவை கொப்பி பண்ணி வையுங்கள், மற்ற நேரம் அதைக் கழற்றியே வையுங்கள்.

கிண்ணியாக் கரை எழுதியது:

ஐயா, யன்னல் வயரைக் கழற்றிவிட்டேன். பிறகு எங்கள் வீட்டுக் குச்சியையும் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. உம்மா அதில் ஆட்டைக் கட்டியிருக்கிறா. வயரைத்தான் காணவில்லை.

பழைய இரும்பு எழுதியது:

முதலில் ஆட்டை அவிழுங்கள் தம்பி.