நாலு கத்தரிக்காய்க்கு ஒரு தட்டு: யார் கழுவுவது?

(தென்னாப்பிரிக்காவில் இருக்கும் சிலர் புனைபெயரில் எழுதிக்கொண்டது.)

தோட்டக்காரி:
ஒரு வாரம் வீட்டுக்குள் வரும் உறைகளை எல்லாம் சேர்த்து எண்ணி வரச் சொல்லி மகளின் பள்ளியில் வேலை கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் கொட்டினோம். மேசை போதவில்லை. நாலு கத்தரிக்காய்க்கு ஒரு தெர்மாகோல் தட்டு, மேலே இழுத்துச் சுற்றிய பிளாஸ்டிக் தாள், அதன்மேல் விலைச்சீட்டு. பிஸ்கட்டுக்கு வெளியே அட்டைப்பெட்டி, உள்ளே தட்டு, தட்டுக்குள் மும்மூன்றாகக் கட்டிய சின்ன உறைகள். "தின்ன நேரத்தைவிடப் பிரிச்ச நேரம்தான்மா அதிகம்" என்றாள் மகள்.

ஐந்து வருடமாகத் தயிர் டப்பாவைக்கூடக் கழுவிக் காயவைத்து மறுசுழற்சிக்கென்று தனிப் பையில் கட்டி வைக்கிறவள் நான். போன செவ்வாய்க்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லாரி வந்தது. கறுப்புப் பை, தனிப் பை இரண்டையும் ஒரே வாய்க்குள் வீசி நசுக்கிக்கொண்டு போய்விட்டது. (எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. அந்தப் பையன்கள் தினம் வணக்கம் சொல்கிறவர்கள், அவர்கள் வேலைக்கு வினையாக வேண்டாம்.)

இனி நான் ஏன் கழுவ வேண்டும்? நான் கேட்காத தட்டை என் தலையில் கட்டியவன் வந்து எடுத்துப் போகட்டும்.

பெட்டிக்காரன்:
அக்கா, கோபம் புரிகிறது. பதினேழு வருடமாகப் பொதி செய்யும் தொழிலில் இருக்கிறேன், அதனால் அடி வாங்கத் தயாராகவே வருகிறேன்.

முதலில் அந்தப் பிளாஸ்டிக் தாள். வெள்ளரிக்காயைச் சுற்றாமல் வைத்தால் சில நாளில் வாடிவிடும், சுற்றினால் அதைவிட நன்றாகத் தாங்கும். இந்த நாட்டில் வருடத்துக்குச் சுமார் 1 கோடி டன் உணவு வீணாகிறது என்று சொல்கிறார்கள். உறை இல்லாவிட்டால் அது இன்னும் கூடும்.

இரண்டாவது, வாங்குகிறவர்கள் நாம்தானே? 2003 மே மாதம் மெல்லிய பைகளைத் தடை செய்து, தடித்த பைக்குக் காசு வாங்கச் சொன்னார்கள். ஒரு பை 46 சென்ட். அதற்கு முன்னால் முள்வேலி எல்லாம் பை தொங்கி, அதுதான் நம் தேசிய மலர் என்று கேலி செய்வார்கள். காசு என்றதும் எல்லோரும் துணிப்பையோடு வந்தார்கள். எத்தனை நாள்? கொஞ்ச காலத்தில் பைவிற்பனை பழையபடி ஏறிவிட்டது. துணிப்பை காரின் பின்னால் தூங்குகிறது, நாம் காசு கொடுத்துப் புதுப்பை வாங்குகிறோம். அதற்கும் நான்தான் காரணமா?

புதுசா வந்தவன்:
நான் கோயம்புத்தூர்க்காரன், ஜொகனஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் நாலு வருடம். ஒரு கணக்குக் கேட்கிறேன். அந்தப் பைமேல் அரசு போடும் வரி 2024 ஏப்ரலில் 32 சென்ட் ஆனது. அந்தப் பணம் எங்கே போகிறது? குப்பைக்கா?

பெட்டிக்காரன்:
பொது கஜானாவுக்கு. குப்பைக்கென்று தனி உண்டியல் கிடையாது. ஆரம்பத்தில் ஒரு பங்கு 'புயிசா-இ-பேக்' என்ற அமைப்புக்குப் போனது. ஜூலு மொழியில் பையைத் திருப்பிக் கொண்டு வா என்று அர்த்தம். பை திரும்பி வரவில்லை, 2011இல் அந்த அமைப்பையே மூடிவிட்டார்கள்.

ஓய்வு வாத்தியார்:
பெட்டிக்காரத் தம்பி சொல்வதில் பாதி நியாயம், பாதி வியாபாரம். பழைய கதை ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டர்பன் கிரே தெருவில் அரிசி, பருப்பு எல்லாம் மூட்டையைத் திறந்து அளந்து கொடுப்பார்கள். மஞ்சள்தூள் காகிதக் கூம்பில் வரும். எண்ணெய்க்கு வீட்டிலிருந்து போத்தல் கொண்டு போவோம். அப்புறம் நம் பன்னி சௌ! ரொட்டியைக் குடைந்து அதற்குள் பீன்ஸ் கறியை ஊற்றி, தோண்டிய துண்டையே மூடியாக வைத்துக் கொடுத்த மூளை யாருடையதோ, அவர் பாத்திரத்தையும் சேர்த்துத் தின்ன வைத்தார். மிச்சமாவது ஒரு பழைய செய்தித்தாள். இன்று அதே பன்னி சௌ தெர்மாகோல் பெட்டியில் வருகிறது. காரட் சம்பலுக்குத் தனி டப்பா, கரண்டி தனி உறையில், எல்லாவற்றையும் தூக்க ஒரு பை. ரொட்டி அப்படியேதான் இருக்கிறது. அதற்கு எதற்கு இன்னொரு பெட்டி?

ஆனால் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உம்ங்கெனி ஆறு கடலில் சேரும் ப்ளூ லகூனுக்கு ஒரு விசேஷம் முடிந்த மறுநாள் போய்ப் பாருங்கள். தேங்காய், வாழைப்பழம் போகட்டும், மண்ணாகும். கற்பூரப் பெட்டி, ஊதுபத்தி உறை, பால் பாட்டில், பூ கொண்டு வந்த பிளாஸ்டிக் பை? கங்கம்மாவுக்கா அது? எந்தத் தொழிற்சாலை முதலாளி வந்து போட்டான்?

பெட்டிக்காரன்:
வாத்தியாரையா, காலில் விழுகிறேன். இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

தோட்டக்காரி:
அவசரப்பட்டு விழ வேண்டாம் தம்பி. ஆற்றில் போட்டது தப்பு, யாரும் மறுக்கவில்லை. ஆனால் கற்பூரத்தைப் பிளாஸ்டிக் இல்லாமல் வாங்க ஒரு கடை காட்டுங்கள், நான் நடந்தே போகிறேன். கையில் இருக்கும் ஒரே சாமானை வாங்குவதைத் "தேர்வு" என்று சொல்வது என்ன நியாயம்?

உணவு வீணாவது பற்றியும் ஒன்று. அந்த 1 கோடி டன்னில் பெரும்பங்கு வயலிலும் கிடங்கிலும் ஆலையிலும் கடைக்கு வரும் வழியிலும் போவது. வீட்டுக்கு வந்தபின் வீணாவது அதில் சின்னப் பங்குதான். என் கத்தரிக்காயின் தட்டு அதில் எதைக் காப்பாற்றியது?

வெருலம் கடை:
டர்பன் பக்கம் வெருலத்தில் காய்கறி விற்கிறவன் நான், தட்டின் ரகசியத்தைச் சொல்கிறேன். கத்தரிக்காயைக் கூடையில் வைத்தால் நம் அம்மாமார்கள் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார்கள், காம்பைக் கிள்ளுவார்கள், கடைசியில் அடியில் இருக்கும் பத்து என் தலையில். தட்டில் வைத்துச் சுற்றிவிட்டால் அமுக்க முடியாது. நல்லது மூன்று மேலே, சொத்தை ஒன்று கீழே, நாலும் ஒரே விலைக்குப் போய்விடும். பெரிய கடைகளுக்கு எடை போட ஆள் வேண்டாம், பார்கோடு படித்தால் போதும். ஆள் கூலி மிச்சம். தட்டு காய்க்காக வந்தது பாதி என்றால் கல்லாவுக்காக வந்தது பாதி.

நான் இன்னும் கூடையில்தான் விற்கிறேன். நஷ்டம்தான். புத்தி கிடையாது என்று என் மகன் சொல்கிறான்.

கிளேர் எஸ்டேட்காரி:
கடைக்காரர் அண்ணே, உங்கள் ஊர்ப் பக்கம் பஃபல்ஸ்டிராய் குப்பைமேடு. டர்பன் கிளேர் எஸ்டேட்டில் எங்கள் பக்கம் பிசசார் ரோடு குப்பைமேடு. யார் பொறுப்பு என்று பேசும்போது அந்தக் குப்பைக்குப் பக்கத்தில் யார் வீடு என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். 1980இல் எங்கள் பக்கத்து மேட்டைத் திறந்தபோது சுற்றிலும் குடியிருந்தது இந்தியர்கள். அப்போது நிறவெறி ஆட்சி, நமக்கு ஓட்டு இல்லை, கேட்க நாதியும் இல்லை. மேட்டுக்கு எதிர்வீட்டில் வளர்ந்த சஜிதா கான் அதை மூடச் சொல்லிப் பல வருடம் போராடினார். குப்பை வாயுவிலிருந்து மின்சாரம் எடுத்து, வெப்பவாயுவைக் குறைத்தோம் என்று அதைக் கார்பன் கணக்காக விற்கும் திட்டம் வந்தபோது, மேடு மூடாமல் நீண்டுகொண்டே போக அதுவே சாக்காகும் என்று எதிர்த்தார். 2007இல் புற்றுநோயில் இறந்தார். பிஸ்கட் உறையை வடிவமைத்தவர் வீட்டு ஜன்னலுக்கு அந்த நாற்றம் போயிருந்தால் உள்ளே மூன்று உறை இருந்திருக்காது.

பெட்டிக்காரன்:
இதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் எங்கள் தொழில் பைசா கொடுப்பதில்லை என்ற நினைப்பு மட்டும் தப்பு. பெட் என்ற பிளாஸ்டிக்கில் பாட்டில் போடுகிறவர்கள் 2004இலேயே பெட்கோ என்ற மறுசுழற்சி அமைப்பை ஆரம்பித்துத் தாங்களாக நிதி போட்டார்கள். 2021 மே 5 முதல் அது சட்டம். காகிதம், அட்டை, பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம், எதில் பொதி போட்டுச் சந்தைக்கு விட்டாலும் பதிவு செய்து, டன் கணக்கில் கட்டணம் கட்ட வேண்டும். பதிவு செய்யாமல் நழுவுகிறவர்களும் உண்டு. அவர்கள் பாட்டிலுக்கும் சேர்த்துக் கட்டுகிறவன்தான் கட்டுகிறான்.

புதுசா வந்தவன்:
அந்தக் கட்டணத்தை அண்ணன் கையிலிருந்தா போடுகிறீர்கள்? பிஸ்கட் விலையில் ஏற்றிவிடுவீர்கள். அப்புறம் குப்பை அள்ள வீட்டுவரியோடு ஒரு கட்டணம். அப்புறம் நானே கழுவ வேண்டும். ஒரு தட்டுக்கு மூன்று முறை கொடுக்கிறேன், தட்டு கடைசியில் மேட்டுக்குத்தான் போகிறது.

யார்டு கணக்கு:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பழைய சாமான் வாங்கும் யார்டில் எடை எழுதுகிறவன் நான். எல்லோரும் முதலாளி, வீடு, லாரி என்று பேசுகிறீர்கள். காலை ஐந்து மணிக்கு லாரிக்கு முன்னால் உங்கள் தெருவில் ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு வருகிறானே, அவனை ஒருத்தரும் சொல்லவில்லை. நாட்டில் இப்படிப் பொறுக்கிப் பிழைப்பவர்கள் 60,000 முதல் 90,000 பேர் என்பது பல வருடமாகச் சொல்லும் மதிப்பீடு. வீடுகளிலிருந்து மறுசுழற்சிக்கு மீளும் பொதிச் சாமானில் 80 முதல் 90 சதவீதம் அவர்கள் கை வழியாகத்தான் வருகிறதாம். தோட்டக்காரி அக்காவின் தனிப் பையில் உருப்படியாக ஏதாவது இருந்திருந்தால் லாரி வருவதற்கு முன்பே அவன் எடுத்திருப்பான். எடுக்காமல் விட்டான் என்றால், அதில் எங்களிடம் விலைபோகிறது எதுவும் இல்லை.

இங்கேதான் பெட்டிக்காரருடைய வேலை வருகிறது. நான் பார்க்கிற கணக்கு இது. 2 லிட்டர் பாட்டில் ஒன்று ஏறத்தாழ 50 கிராம். இருபது பாட்டில் ஒரு கிலோ. நிறமில்லாத பாட்டில் என்றால் உடனே விலை. பச்சை, பழுப்பு என்றால் குறைவு. அதே பாட்டிலுக்குத் தலை முதல் கால் வரை வேறு பிளாஸ்டிக்கில் சட்டை மாட்டிவிட்டால், சட்டையைக் கிழிக்க ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் ஆலை திருப்பி அனுப்பும். சிப்ஸ் பாக்கெட் ஒன்று சில கிராம்தான். பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டியது, பிரிக்க முடியாது. இருநூறு பொறுக்கினாலும் ஒரு கிலோ தேறாது, தேறினாலும் வாங்க ஆள் இல்லை. கத்தரிக்காய்த் தட்டு? மூட்டை நிறையக் காற்று. நாங்கள் தொடுவதில்லை.

ஆகவே அக்கா கழுவினாலும் கழுவாவிட்டாலும் அந்தத் தட்டு போகும் இடம் முன்பே முடிவாகிவிட்டது. முடிவு செய்தது உங்கள் சமையலறை இல்லை, யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டர் திரை.

ஓய்வு வாத்தியார்:
தம்பி, குவார்ட் என்கிற பெரிய பீர் பாட்டில் தெருவில் கிடந்து பார்த்திருக்கிறீர்களா? முன்பணம் உண்டு என்பதால் யாராவது எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். கோக்க-கோலாகூட 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலையே முன்பணத்தோடு திருப்பிக் கொடுக்கிற வகையில் கொண்டுவந்தது. எல்லாப் பாட்டிலுக்கும் அப்படி வைத்தால் என்ன?

வெருலம் கடை:
வையுங்கள் ஐயா. அந்தக் காலிப் பாட்டிலை எல்லாம் அடுக்க என் கடைக்குப் பின்னால் ஒரு அறை கட்டிக் கொடுங்கள்.

பெட்டிக்காரன்:
சட்டை மாட்டிய பாட்டில் விஷயத்தில் யார்டுக்காரர் என்னைப் பிடித்துவிட்டார். உண்மையைச் சொல்கிறேன். ஒரு பழச்சாற்றுக்கு நானே வரைந்தேன். பாதி உயரச் சீட்டுப் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். அலமாரியில் கண்ணைப் பறிக்க வேண்டும், முழுச் சட்டை போடு என்றார்கள், போட்டேன். அதைக் குப்பை என்று நான் அன்று நினைக்கவில்லை. அழகாக இருந்தது.

தோட்டக்காரி:
அதைத்தான் தம்பி கேட்டேன் முதலிலிருந்தே. வீட்டுக்காரி சரியாகப் பிரித்தாளா என்று பார்க்க ஆயிரம் சுவரொட்டி ஒட்டுகிறீர்கள். சட்டை மாட்டச் சொன்னவருக்கு ஒரு சுவரொட்டி உண்டா?

பெட்டிக்காரன்:
இல்லை. கட்டணம் உண்டு. மீளாத பொருளுக்கு அந்தக் கட்டணம் வலிக்கிற அளவு ஏறினால் சட்டை தானாகக் கழன்றுவிடும். இப்போதைக்கு வலிக்கவில்லை. ஆனால் வீட்டில் பிரிக்காமல் எதுவும் நடக்காது என்பதை மட்டும் விடமாட்டேன். சோற்றுக் குழம்பு ஊறிய அட்டையை எந்தக் கட்டணமும் காப்பாற்றாது.

யார்டு கணக்கு:
அது சரி. ஈர அட்டையை நாங்களும் வாங்க மாட்டோம். அப்புறம் நீங்கள் சொன்ன 2021 சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: பதிவு செய்த பொறுக்குபவர்களுக்குச் சேகரிப்புக்கென்று தனிக் கூலி கொடுக்க வேண்டும். 2022 நவம்பருக்குள் ஆரம்பித்திருக்க வேண்டியது. எங்கள் யார்டுக்கு வருகிறவர்களில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். மற்றவர்களுக்கு எடைக்கு நான் கொடுக்கிற காசு மட்டும்தான்.

கிளேர் எஸ்டேட்காரி:
அந்த ஒருவருக்காவது கிடைத்ததா?

யார்டு கணக்கு:
பெயர் கொடுத்திருக்கிறார். காத்திருக்கிறார்.

தோட்டக்காரி:
சரி. தயிர் டப்பா, கத்தரிக்காய்த் தட்டு, சிப்ஸ் பாக்கெட் எதையும் இனி கழுவப்போவதில்லை, கறுப்புப் பைக்குத்தான். மகள் எண்ணி வைத்ததில் பிஸ்கட் உறைகளை மட்டும் ஒரு கவரில் போட்டு, பெட்டியில் அச்சிட்டிருக்கும் முகவரிக்கே அனுப்பப் போகிறாள். தபால் செலவு அவள் அப்பா தருகிறாராம். பாட்டிலையும் அட்டையையும் திங்கள் இரவே கேட்டுக்கு வெளியே தனியாக வைக்கிறேன். யார்டுத் தம்பி, பாட்டில் மூடியைக் கழற்றிவிட வேண்டுமா?

யார்டு கணக்கு:
எங்கள் யார்டில் வேண்டாம் அக்கா. காற்றை அமுக்கி விட்டு மூடியைத் திருகி வையுங்கள், வண்டியில் இடம் மிச்சமாகும். இரவே வைக்காதீர்கள், நாய் இழுத்துவிடும். ஐந்து மணிக்கு வையுங்கள்.

தோட்டக்காரி:
ஐந்து மணிக்கா! சரி, அவரை எழுப்புகிறேன்.