வாடகை வீட்டுத்திரள்: ‘ரீட்’ வைத்திருக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கு ஒரு சொல்

1. எழுதியவர்: கணக்கர், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம்.

கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கான முதலீட்டுக் கையேட்டின் தமிழ்ப் படியில் ஓரிடம் இடிக்கிறது. ‘ரீட்’ என்பது பலரிடம் பணம் திரட்டி நிலமும் கட்டடமும் வாங்கி, வரும் வாடகையைப் பங்கிடும் முதலீட்டு அமைப்பு. அப்படி ஒரு ரீட் நூற்றுக்கணக்கான அடுக்குமாடி வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுகிறது. அந்த வீடுகள் அத்தனையையும் சேர்த்து ஒரே பெயரால் குறிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘போர்ட்ஃபோலியோ’ என்று சொல்லிவிடுகிறார்கள். நம் வரைவில் ‘நில முதலீட்டு அறக்கட்டளையின் குடியிருப்பு வாடகைத் தொகுப்பு’ என்று இருக்கிறது. நீளம் ஒரு பக்கம் இருக்கட்டும், எந்தச் சொல்லும் சரியாக உட்காரவில்லை.

அறக்கட்டளை என்றதும் கோயில் திருப்பணியும் கல்வி உதவியும்தான் இங்கே நினைவுக்கு வரும். ரீட்டின் வேலை வாடகை வாங்கி அலகுதாரர்களுக்கு, அதாவது பங்கு போன்ற அதன் ‘அலகு’களை வாங்கியவர்களுக்குப் பங்கிடுவது. மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 61ஏ பிரிவின்படி, ஆண்டு வருமானத்தில் 90 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கிட்டுவிட்டால் அந்த ஆண்டுக்கு ரீட் வரி கட்ட வேண்டியதில்லை. அலகுதாரர் கைக்குப் போகும்போதுதான் வரி. இதை ‘அறக்கட்டளை’ என்று அச்சிட்டால், வரிவிலக்கு தருமத்துக்காகக் கிடைத்தது என்று படிப்பவர் எண்ணிவிடுவார். அது பிழையான தகவல், வெறும் சொல்நயக் குறை என்று விட்டுவிட முடியாது.

மூன்று சொற்கள் வேண்டும்: அமைப்புக்கு ஒன்று, வீடுகளின் கூட்டத்துக்கு ஒன்று, எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது என்னும் கணக்குக்கு ஒன்று. ஆசிரியர் ஐயாவும் கட்டட நிர்வாகம் பார்க்கும் அண்ணனும் எழுதுங்கள்.

2. எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சுங்கை சிப்புட்

தங்கச்சி, அறக்கட்டளையை எடுத்துவிடுங்கள். இந்தியச் செய்தித்தாள்கள் அதையே எழுதுகின்றன என்பதற்காக நாமும் எழுத வேண்டியதில்லை. சட்டத்தில் ‘டிரஸ்ட்’ என்பதற்கு அடிப்படை ஒன்றே: பொருள் ஒருவர் பெயரில் இருக்கும், பயன் இன்னொருவருக்குப் போகும். அதில் அறம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

மலாயில் ரீட்டை ‘அமானா பெலாபுரான் ஹர்த்தானா’ என்கிறார்கள். அந்த ‘அமானா’ நமக்குப் புதிதல்ல. தமிழ் முஸ்லிம்கள் ‘அமானிதம்’ என்று நெடுங்காலமாக வழங்கி வருகிறார்கள். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள், கேட்கும்போது குறையாமல் திருப்பித் தர வேண்டியது என்பது அதன் பொருள். அழகான சொல். ஆனால் ஒப்படைத்த பொருளைத்தான் அது குறிக்கிறது. அதை வைத்திருக்கும் அமைப்புக்கு வேறு சொல் வேண்டும்.

இலங்கைத் தமிழில் ‘ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்’ என்று ஓர் அரசு நிதியம் இருக்கிறது. அங்கே டிரஸ்ட் ‘நம்பிக்கைப் பொறுப்பு’ ஆகிவிட்டது. அதிலிருந்து ‘பொறுப்பு’ என்பதை எடுத்து ‘அகம்’ சேர்த்தால் ‘பொறுப்பகம்’. சொத்தைத் தன் பெயரில் வைத்திருப்பவரைப் ‘பொறுப்பாளர்’ என்று மட்டும் சொல்லக் கூடாது, அது மேற்பார்வையாளரையும் குறிக்கும். ‘நம்பிக்கைப் பொறுப்பாளர்’ என்றே முழுதாக எழுத வேண்டும். ரீட்டில் நிர்வாக நிறுவனம் வேறு, நம்பிக்கைப் பொறுப்பாளர் வேறு. எந்த வீட்டை வாங்கலாம் என்று முன்னவர் முடிவெடுப்பார், கிராண்டு (சொத்துரிமைப் பத்திரம்) பின்னவர் பெயரில் இருக்கும். இரண்டும் ஒரே சொல்லில் கலந்தால் கையேடே குழம்பும்.

முன்னொட்டாக ‘நிலம்’, ‘கட்டடம்’ இரண்டுமே குறுகல். 2007இல் பங்குச் சந்தைக்கு வந்த அல்-ஹடாரா பூஸ்தெட் ரீட் செம்பனைத் தோட்டங்களையே சொத்தாக வைத்திருந்தது. அது 2014இல் சந்தையைவிட்டு விலகிவிட்டது. தோட்டம், ஆலை, மருத்துவமனை, பேரங்காடி, வீடு எல்லாவற்றுக்கும் பொருந்துவது ‘அசையாச் சொத்து’. ஆகவே ‘அசையாச்சொத்துப் பொறுப்பகம்’.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல ஆசை. அமெரிக்காவில் ரீட்டுக்குச் சட்டம் வந்தது 1960இல். அதே 1960இல்தான் நம் சுங்கை சிப்புட்டின் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற ‘துண்டாடலில்’ தொழிலாளரின் வேலையும் லயத்து வீடும் சேர்ந்து பறிபோன காலம் அது. தொழிலாளர் 100 வெள்ளிப் பங்கை 10 வெள்ளித் தவணையாகக் கட்டித் தோட்டம் வாங்கினார்கள். சிறு தொகைகளைக் கூட்டிப் பெரிய அசையாச் சொத்தை வாங்கும் வழி நம் பாட்டன்மாருக்குத் தெரிந்திருந்தது. வேறுபாடு வாக்கில் இருக்கிறது: கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு, ரீட்டில் அலகுக்கு ஒரு வாக்கு. கையேட்டில் இந்த ஒப்பீட்டை வைத்தால் வாசகர் உடனே பிடித்துக்கொள்வார்.

3. எழுதியவர்: கட்டட நிர்வாகி, ஈப்போ சாலை

வணக்கம் ஐயா, வணக்கம் தங்கச்சி.

பொறுப்பகம் சரி. வீடுகளின் கூட்டத்துக்குத் ‘தொகுப்பு’ வேண்டாம். தமிழ்நாட்டில் ‘தொகுப்பு வீடு’ என்றால் அரசு ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த வீடு. நம் கையேட்டை அங்கே ஒருவர் படித்தால் வேறு பொருள் கொள்வார். ‘திரள்’ நல்லது. பல இடத்திலிருந்து வந்து சேர்ந்தாலும் திரள், ஓரிடத்தில் குவிந்தாலும் திரள்.

இந்த இரு வகையும் உண்மையில் இருக்கிறது, வேலையும் வேறுபடும். பத்துக் கட்டடங்களில் மும்மூன்று வீடாக 30 வீடு வைத்திருந்தால் அது சிதறிய திரள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஸ்ட்ராத்தா பட்டா (அடுக்குமாடி வீட்டு உரிமைப் பத்திரம்). பங்கலகு (கட்டடத்தில் அந்த வீட்டுக்குள்ள பங்கு) அளவுப்படி பராமரிப்புக் கட்டணம், அதற்கு மேல் அந்தக் கட்டணத்தின் 10 விழுக்காடு கையிருப்பு நிதிக்கு. லிப்ட் நின்றால் நாம் பழுதுபார்க்க முடியாது, அந்தந்தக் கட்டடத்து வீட்டு உரிமையாளர்களின் நிர்வாகக் கழகத்திடம் மனு எழுத வேண்டும், கூட்டத்தில் நம் வாக்கு எடுபடாது. முழு அடுக்ககமும் ஒரே கையில் இருந்தால் அது ஒருங்கிய திரள். முடிவு உடனே எடுக்கலாம். ஆனால் கூரை, தண்ணீர்த் தொட்டி, லிப்ட், பம்பு எல்லாம் நம் தலையில். 90 விழுக்காட்டைப் பங்கிட்ட பிறகு மிஞ்சுவது சிறிது என்பதால், இதற்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்காவிட்டால் லிப்ட் மாற்றும் ஆண்டில் கடன்தான் வாங்க வேண்டிவரும். ‘சிதறிய திரள்’, ‘ஒருங்கிய திரள்’ இரண்டையும் கையேட்டில் வைக்க வேண்டும்.

‘வாடகை’யையும் ‘குத்தகை’யையும் கலக்காதீர்கள். தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி மூன்று ஆண்டு வரையிலானது பதிய வேண்டாத வாடகை. அதைத் தாண்டினால் நில அலுவலகத்தில் பதிய வேண்டிய குத்தகை.  அடுக்குமாடி வீடு ஓராண்டு, ஈராண்டு வாடகையில் ஓடும். ஆதலால் ‘வாடகை வீட்டுத்திரள்’.

அடுத்து, ஆள் இருக்கும் கணக்கு. இங்கேதான் ஏமாறுவார்கள், எனவே கொஞ்சம் விரிவாக.

எடுத்துக்காட்டுக்கு 120 வீடு, மாத வாடகை 900 ரிங்கிட். 6 வீடு காலி. 114 வீட்டில் ஆள், அதாவது 95 விழுக்காடு. அறிக்கையின் முதல் பக்கத்தில் இந்த எண்ணைத்தான் போடுவார்கள். இப்போது பணத்தைப் பாருங்கள். எல்லா வீடும் முழு வாடகை தந்தால் மாதம் 1,08,000. காலி வீட்டால் போனது 5,400. ஆள் இருந்தும் வாடகை கட்டாத 5 வீட்டால் போனது 4,500. பழைய ஒப்பந்தத்தில் 820க்கே இருக்கும் 20 வீட்டால் 1,600. கைக்கு வந்தது 96,500. அது 89 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கட்டடம் ஒன்றுதான், எண் இரண்டு. இரண்டையும் ‘நிரப்பு விகிதம்’ என்று ஒரே சொல்லால் எழுதினால் முதலீடு செய்பவர் ஏமாந்து போவார். முதலாவதற்கு ‘ஆள்நிறைவு’, இரண்டாவதற்கு ‘வாடகைநிறைவு’ என்று முன்மொழிகிறேன்.

கட்டாதவர் ஏன் ஆள்நிறைவில் நீடிக்கிறார் என்று கேட்பார்கள். நீதிமன்ற ஆணை இல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது. 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பூட்டை மாற்றினாலோ மின்சாரத்தை வெட்டினாலோ வீட்டுக்காரர் மீதே வழக்கு வரக்கூடும். 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டத்தின் கீழ் நீதிமன்ற ஆணை பெற்று வீட்டிலுள்ள பொருளைக் கைப்பற்றி நிலுவையை வசூலிக்கலாம், அதுவும் 12 மாத நிலுவை வரைதான். வீட்டில் விற்கத் தக்க பொருள் இல்லாவிட்டால் அந்த ஆணையால் பயனில்லை. இரு மாத வைப்புத்தொகை இதற்குள் கரைந்துவிடும்.

4. எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், பாரிட் புந்தார்

அண்ணன் சொல்லும் ‘வாடகை’ நல்ல தேர்வு என்றாலும், தமிழில் வீட்டு வாடகைக்கென்றே ‘குடிக்கூலி’ இருக்கிறதே. ‘குடிக்கூலி வீட்டுத்திரள்’ இன்னும் தமிழாக ஒலிக்காதா?

5. எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சொல் தூயதுதான், அகராதியில் இருக்கிறது. ஆனால் தோட்டப்புறத்தில் ‘கூலி’ என்பது நாள் சம்பளம். அதைவிட, நம் முன்னோரை இழிவாக அழைத்த பெயர். தோட்டத்துப் பிள்ளைகள் கையில் எடுக்கும் கையேட்டில் அந்த எழுத்து வீடு வீடாக வர வேண்டாம் அம்மா. வாடகையே இருக்கட்டும்.

6. எழுதியவர்: கணக்கர்

ஐயா சொன்னது எனக்கும் சரி. கட்டட நிர்வாகி அண்ணனின் கணக்கை நீட்டி, இன்னும் சில சொற்களை முன்வைக்கிறேன்.

மாதம் 96,500 என்றால் ஆண்டுக்கு 11,58,000. மதிப்பீட்டு வரி, நிலவரி, காப்புறுதி, பழுது, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 4,38,000 என்று வைப்போம். மிஞ்சுவது 7,20,000. இதைப் பலர் ‘நிகர லாபம்’ என்று எழுதுகிறார்கள், தப்பு. கடன் வட்டி இன்னும் கழிக்கவில்லை. ‘வட்டிக்கு முந்திய வாடகை மிச்சம்’ என்பதே பொருள். சுருக்கமாக ‘வாடகை மிச்சம்’ போதுமா?

அந்த மிச்சத்தைக் கட்டடத்தின் விலையால் வகுத்தால் வருவதை ஆங்கிலத்தில் ‘கேப் ரேட்’ என்பார்கள். ‘மூலதன விகிதம்’ என்ற மொழிபெயர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. ‘விலைவீதம்’ என்று போடலாம், ஏனென்றால் இதை வைத்துத்தான் மதிப்பீட்டாளர் விலையைக் கட்டுகிறார். 4.5 விழுக்காட்டில் இந்தத் திரளின் விலை 1 கோடியே 60 லட்சம். சந்தையில் வட்டி ஏறி விலைவீதம் 5 விழுக்காடானால், ஒரு வாடகையும் குறையாமலே விலை 1 கோடியே 44 லட்சத்துக்கு இறங்கிவிடும்.

இங்கே இன்னொரு சிக்கல். மலேசிய ரீட்டுகள் மொத்தச் சொத்து மதிப்பில் 50 விழுக்காடு வரைதான் கடன் வாங்கலாம். இந்தத் திரள் மட்டுமே சொத்து, கடன் 73 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் விலையில் அது 45.6 விழுக்காடு. இரண்டாம் விலையில் 50.7. ஒரு சென்னும் புதிதாகக் கடன் வாங்காமலே வரம்பைத் தொட்டுத் தாண்டியாகிவிட்டது. அதன்பிறகு புதிய கடனுக்கு இடமில்லை. லிப்டுக்கான பணத்துக்குச் சொத்தை விற்க வேண்டும், அல்லது புதிய அலகு வெளியிட வேண்டும். ‘கடன்வரம்பு’ என்ற சொல்லை இந்த எடுத்துக்காட்டோடு அச்சிடுவோம்.

‘ரென்ட் ரோல்’ என்ற ஆவணத்துக்கும் ஒரு பெயர் தேவை.

7. எழுதியவர்: கட்டட நிர்வாகி

தோட்டத்தில் செக்ரோல் இருந்ததே தங்கச்சி: யார் வந்தார், எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் என்று ஆளுக்கு ஒரு வரி. இதுவும் அதே வடிவம்தான், ஆளுக்குப் பதில் வீடு. ‘வாடகைப் பெயரேடு’ என்று போடுங்கள். வரிக்கு எட்டுத் தகவல் இருந்தால்தான் அது பெயரேடு: வீட்டு எண், குடியிருப்பவர், தொடங்கிய நாள், முடியும் நாள், மாத வாடகை, கையிலுள்ள வைப்புத்தொகை, நிலுவை, அடுத்த வாடகை உயர்வு எப்போது. வைப்புத்தொகையை வருமானத்தோடு சேர்த்துவிடுவது பெரிய கேடு. அது குடியிருப்பவரின் பணம், கடன் பக்கம் நிற்க வேண்டும். ஐயா சொன்ன ‘அமானிதம்’ உண்மையில் இதற்குத்தான் பொருந்தும்.

முடியும் நாள் பத்தியை மாதவாரியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். 120 ஒப்பந்தத்தில் 50 ஒரே மாதம் முடிந்தால் அந்த மாதம் ஆட்டம் காணும்.

ஒருவர் காலி செய்து இன்னொருவர் வருவதற்கு ‘குடிமாற்று’. அதன் செலவைத் தனியே காட்டுங்கள். 900 ரிங்கிட் வீட்டில் 30 நாள் காலி என்றால் 900, முகவருக்கு ஒரு மாத வாடகை 900, சாயமும் பூட்டும் குழாய்ப் பழுதும் 1,200 என்றால் மொத்தம் 3,000. மூன்று மாத வாடகைக்கு மேல் போய்விட்டது. மாதம் 50 ரிங்கிட் உயர்த்தி நல்ல குடித்தனக்காரரை இழந்தால், உயர்த்திய தொகை அந்த 3,000ஐ ஈடுகட்ட 60 மாதம் ஆகும்.

‘வாடகை மிச்சம்’ வேண்டாம். ‘மிச்சம்’ என்றால் செலவெல்லாம் போனபின் கையில் இருப்பது என்று கேட்கும். ‘வட்டிமுன் வாடகை வரவு’ நீளமானாலும் பொய் சொல்லாது.

8. எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

‘வட்டிமுன் வாடகை வரவு’ என்பதை ஏற்கிறேன். ‘வரவு’ என்றால் செலவு கழிக்காதது என்று சிலர் கேட்பார்கள், ஆகையால் ‘வட்டிமுன் நிகர வரவு’ என்று மாற்றுங்கள். ஆள்நிறைவும் வாடகைநிறைவும் ஒரே சொல்லாக, இடையில் இடம் விடாமல் இருக்கட்டும். ‘வாடகை நிறைவு’ என்று பிரித்து அச்சிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று பொருள்படும். அச்சுக்கோப்பவரிடம் இதைத் தனியே சொல்லிவிடுங்கள் தங்கச்சி.

9. எழுதியவர்: கணக்கர்

சொல்லிவிட்டேன் ஐயா. கையேட்டில் போகும் வாக்கியம் இது, பார்த்துச் சொல்லுங்கள்:

“அசையாச்சொத்துப் பொறுப்பகத்தின் வாடகை வீட்டுத்திரளை வாங்கும் முன் வாடகைப் பெயரேட்டைக் கேளுங்கள், ஆள்நிறைவோடு வாடகைநிறைவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டுக்கும் இடைவெளி ஐந்து விழுக்காட்டைத் தாண்டினால் நிலுவை எத்தனை, பழைய வாடகை எத்தனை என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.”

‘ஐந்து விழுக்காடு’ நம் அளவுகோல்தான், சட்டத்தில் உள்ளதல்ல என்று அடியில் ஒரு வரி சேர்க்கிறேன். ‘வாடகை வீட்டுத்திரளை வாங்கும் முன்’ என்பதை ‘அலகை வாங்கும் முன் அதன் வாடகை வீட்டுத்திரளின்’ என்று திருத்த வேண்டும். வாசகர் வாங்குவது அலகைத்தான்.