பருவுக்கு ஐஸ் ஒத்தடம்: எப்படி, எவ்வளவு நேரம்?

பாம்பன் தங்கை: தாடையில் சிவந்து, தொட்டாலே வலிக்கிற பரு. ஐஸ் வைக்கலாமா? வீட்டில் மீன் பெட்டிக்கு வாங்கின பார் ஐஸ் இருக்கு.

கீழக்கரை அக்கா: அந்த ஐஸ் முகத்துக்கு ஆகாதும்மா. காய்ச்சி ஆறின தண்ணியை ஃப்ரீசரில் உறைய வை. வியர்வையும் உப்புப் பிசுபிசுப்பும் போக முகத்தைக் கழுவித் துடை. அந்த ஐஸ் கட்டியைச் சுத்தமான வேட்டித் துணியில் சுற்றிப் பரு மேல் 1 நிமிஷம் வை, 5 நிமிஷம் விடு. இப்படி 2, 3 முறை போதும். வெறும் ஐஸை அழுத்திப் பிடித்தால் தோல் வெளுத்து மரத்துக் கொப்புளமே வரும். மரத்துப்போற மாதிரி இருந்தால் உடனே எடுத்துடு.

மண்டபம் அண்ணன்: குளிர் ரத்தக்குழாயைச் சுருக்குது, அதனால் வீக்கமும் வலியும் கொஞ்ச நேரம் அடங்கும், அவ்வளவுதான். பருவுக்குக் காரணமான தோல் துளை அடைப்பு அப்படியே இருக்கும். கரும்புள்ளிக்கு (பிளாக்ஹெட்) ஐஸ் வீண். அடைப்புக்கு இரவில் அடாபலீன் என்கிற பரு மருந்து, 0.1% ஜெல், பட்டாணி அளவு, நன்றாகக் காய்ந்த முகம் முழுக்க மெல்லிசாகத் தடவணும். ஈரத்தில் தடவினால் எரியும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம், நம்ம கடற்கரை வெயில் பருத்தழும்பை இன்னும் கறுக்க வைக்கும்.

பாம்பன் தங்கை: தோலுக்கு அடியில் கட்டியா இருந்தால், அக்கா?

கீழக்கரை அக்கா: கிள்ளாதே. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை 10 நிமிஷம் வை. பெரிசாகிக்கிட்டே போனால் தோல் டாக்டரிடம் காட்டு.